43 வயதில் நாள் தள்ளிப்போனபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 43. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறார், பீஸ் ரேட். கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. மூத்த பெண் கல்லூரி இரண்டாம் ஆண்டு, பையன் எட்டாம் வகுப்பு. என்னிடம் வந்தது கர்ப்பம் என்ற சந்தேகத்தில் அல்ல. கொஞ்ச நாளாகத் தலைச்சுற்றல், களைப்பு, வயிற்றில் ஒரு மந்தம். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்று கேட்டேன். "அது ரெண்டு மாசத்துக்கு மேலாச்சுங்க டாக்டரம்மா. நின்னு போச்சுன்னு நினைக்கிறேன். எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் நின்னுச்சு."

சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு. ஸ்கேனில் 9 வாரம்.

அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி, இதே நிலையில் வந்த வேறு பெண்களின் விவரங்களையும் கலந்து இவரை எழுதியிருக்கிறேன். இது அபூர்வமான நோய் எதுவும் இல்லை. 40-ஐத் தாண்டிய பெண்ணிடம் கருத்தடை பற்றிப் பேசுவதற்கு நம் ஊரில் யாருமே இல்லை என்பது எனக்குப் பெரிய கவலை. அதனால்தான் எழுதுகிறேன்.

முன்கதை

இரண்டாவது பிரசவம் 30 வயதில். அப்போது ரத்தசோகை இருந்ததால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, காப்பர் டி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். 380ஏ வகை, 10 வருடம் தாங்குவது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் அது தன் வேலையைச் செய்தது. 40 வயதில் தேதி முடிந்துவிட்டது என்று போய் எடுத்துக்கொண்டார். எடுத்த இடத்தில் அடுத்து என்ன என்று யாரும் கேட்கவில்லை. "இனிமே எதுக்கும்மா, வயசாயிடுச்சுல்ல" என்றார்களாம். வீட்டிலும் அதே பேச்சு. கல்லூரிக்குப் போகும் பெண்ணை வைத்துக்கொண்டு மறுபடி காப்பர் டி போடுகிறேன் என்று சொல்ல அவருக்கும் கூச்சம்.

அதற்குப் பிறகு கணவனும் மனைவியும் நாள் கணக்கு பார்த்திருக்கிறார்கள், கொஞ்சம் கணவரின் கவனத்தையும் நம்பியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை அவர் எனக்குக் காட்டினார். சமையலறைத் தினசரிக் காலண்டரில் மாதவிடாய் வந்த நாளைப் பேனாவால் வட்டமிடும் பழக்கம் அவருக்கு. தாளைக் கிழிக்கும் முன் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். 10-ஆம் நாளிலிருந்து 18-ஆம் நாள்வரை ஆகாது, மற்ற நாள் பரவாயில்லை என்பது கல்யாணமான புதிதில் யாரோ சொல்லிக்கொடுத்த கணக்கு. சுழற்சி 30 நாளாக ஒழுங்காக இருந்த காலத்திலேயே அது முழுக்க நம்பக்கூடிய கணக்கு அல்ல.

படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். போன வருடத்திலிருந்து மாதவிடாய் 23, 24 நாளுக்கு ஒருமுறை வந்திருக்கிறது. நடுவில் ஒருமுறை 41 நாள். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் பலருக்கும் இப்படித்தான் ஆகும். சுழற்சியின் முதல் பாதி சுருங்கும், கருமுட்டை சீக்கிரமே வெளிவரும். முட்டை வந்ததிலிருந்து அடுத்த மாதவிடாய்வரை ஏறக்குறைய 14 நாள். அப்படியானால் 23 நாள் சுழற்சியில் முட்டை வருவது 9-ஆம் நாள் வாக்கில். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள்வரை உயிரோடு இருக்கும். எனவே 4-ஆம் நாளிலிருந்தே கரு தங்க வழி இருக்கிறது. அவர் பயமில்லாத நாள் என்று விட்டது முழுக்க அந்த நாட்களைத்தான். அப்புறம் இரண்டு மாதம் வராமல் போய், திடீரென்று ஒரு முட்டை வெளிவரும் சுழற்சிகளும் உண்டு. அதை எந்தக் காலண்டராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

40-க்கு மேல் கரு தங்கும் வாய்ப்பு குறைகிறது என்பது உண்மை. குறைகிறதே தவிர, இல்லாமல் போவதில்லை. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. சராசரி என்றால் அதைத் தாண்டி 50, 52 வரை வருபவர்களும் உண்டு என்றுதான் அர்த்தம். அம்மாவுக்கு நின்ற வயது ஒரு குறிப்பு மட்டும்தான், உத்தரவாதம் இல்லை.

பரிசோதனையில் தெரிந்தவை

ரத்த அழுத்தம் 150/96. உட்காரவைத்து, இடைவெளி விட்டு மறுபடி எடுத்தும் மாறவில்லை. ஒரு மருத்துவ முகாமில் பிரஷர் என்று சொன்னதாகவும், தெரிந்தவர் சாப்பிடும் மாத்திரையின் பேரைச் சொல்லிக் கடையில் வாங்கி அவ்வப்போது போடுவதாகவும் சொன்னார். அட்டையைப் பார்த்தால் டெல்மிசார்டன். நல்ல மருந்துதான், ஆனால் கர்ப்பத்தில் கூடவே கூடாதது. முதல் மூன்று மாதம் கடந்த பிறகு சாப்பிட்டால் குழந்தையின் சிறுநீரகத்தையே பாதிக்கும். எனலாப்ரில் வகை மாத்திரைகளும் அப்படித்தான். 40 வயதுப் பெண்ணுக்கு பிரஷர் மாத்திரை எழுதும் எவரும் "மாதவிடாய் வருகிறதா, கருத்தடை எது?" என்று ஒரு வரி கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்பதில்லை.

ஹீமோகுளோபின் 9.1. காரணம் கேட்டதும் வந்துவிட்டது. இரண்டு வருடமாகவே ரத்தப்போக்கு அதிகம், கட்டி கட்டியாகப் போகிறது. ஒரு ஷிப்டில் மூன்று நான்கு நாப்கின் மாற்ற வேண்டும், பீஸ் ரேட் வேலையில் அத்தனை முறை எழுந்து போனால் கூலி குறையும். அதனால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கருநிறச் சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதையும் அவராகச் சொல்லவில்லை. இந்த வயதில் அப்படித்தான் போகும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

மற்றவை: உடல் எடை அதிகம், மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1, தைராய்டு சரி, ரத்த வகை ஓ பாசிட்டிவ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இதுவரை செய்ததே இல்லை. அன்றே செய்தோம், குறை இல்லை.

கர்ப்பம் குறித்த முடிவு

இதில் என் கருத்துக்கு இடமில்லை. என்ன தெரியுமோ அதைச் சொன்னேன். இந்த வயதில் கருச்சிதைவு, கர்ப்பகால பிரஷர், சர்க்கரை எல்லாமே கூடும். டவுன் சின்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40 வயதில் சுமார் 100-ல் 1, 45-ல் சுமார் 30-ல் 1. அதே நேரம், கவனமாகப் பார்த்துக்கொண்டு நல்லபடியாகப் பெற்றெடுப்பவர்களும் உண்டு. இரண்டு நாள் கழித்து வந்து, வேண்டாம் என்றார்.

அதற்குள் வேறொரு மருத்துவமனையில் விசாரித்திருக்கிறார். கணவர் கையெழுத்து இல்லாமல் செய்ய முடியாது என்றார்களாம். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் ஒன்றே போதும். 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தை 2021-ல் திருத்தியபோது, கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பத்தைக் கலைக்கத் திருமணமானவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். இவருடைய கணவர் கூடவே வந்து வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் இல்லாத விதியைச் சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது சின்ன விஷயம் இல்லை. அப்படித் திரும்பிப் போகிறவர்கள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, ரத்தம் நிற்காமல் நடுராத்திரியில் வருகிறார்கள்.

ரத்தசோகையும் வாரக்கணக்கும் பார்த்து, மாத்திரை வழியைத் தவிர்த்தோம். கர்ப்பப்பை வாயை மரத்துப்போகச் செய்து, கையால் இயக்கும் உறிஞ்சு கருவியில் கருவை எடுத்தோம். சில நிமிட வேலை. அன்று மாலையே வீட்டுக்குப் போனார். இரும்புச்சத்துக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாததால் டிரிப்பில் ஏற்றினோம். பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துவிட்டதால் அந்த மாத்திரை இப்போது அவருக்கு வீட்டுக்கே வருகிறது.

இனி எது?

கருவைக் கலைத்து இரண்டு வாரத்துக்குள்ளேயே அடுத்த முட்டை வெளிவரலாம். அதனால் கருத்தடைப் பேச்சை "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று தள்ளக் கூடாது. அன்றைக்கே உட்கார்ந்து பேசினோம்.

கணவருக்கு வாசக்டமி செய்வதைத்தான் முதலில் சொன்னேன். கத்தியில்லாத முறை, சின்னத் துளை, அன்றே வீட்டுக்குப் போகலாம். மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வைத்துக்கொண்டு, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியானால் முடிந்தது. அவருடைய பயம், ஈரத்துணி ரோல் தூக்குகிற வேலையாயிற்றே, உடம்பில் தெம்பு போய்விடுமோ என்பது. ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்தால் போதும், விரையில் ஊறும் ஹார்மோனுக்கும் வெட்டிக் கட்டும் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை என்று படம் போட்டுக் காட்டினேன். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மனைவி ஆபரேஷன் செய்துகொண்ட தம்பதியர் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம். அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? இத்தனை வருடமாக அவரிடம் யாரும் இதைப் பேசியதே இல்லை.

அடுத்து, மாலா-என் மாதிரியான கலப்பு ஹார்மோன் மாத்திரை. பக்கத்து வீட்டுப் பெண் நன்றாக இருக்கிறது என்று சொன்னதால் அதைத்தான் அவர் விரும்பிக் கேட்டார். வயது ஒரு தடை இல்லை. புகை பிடிக்காத, பிரஷர் இல்லாத, ஒற்றைத் தலைவலி இல்லாத பெண் 50 வரைகூட அதைச் சாப்பிடலாம். ரத்தப்போக்கும் குறையும். ஆனால் 150/96 இருக்கும் ஒருவருக்கு அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வாய்ப்பைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரிசையில் 140/90-க்கு மேல் போனாலே 3-ஆம் படி, அதாவது பொதுவாகத் தவிர்க்க வேண்டியது. 160/100 தொட்டால் 4-ஆம் படி, கொடுக்கவே கூடாது. வேண்டாம் என்பதற்கு இந்தக் காரணத்தைத் தெளிவாகச் சொன்னேன். காரணம் தெரியாவிட்டால் கடையில் வாங்கிச் சாப்பிட எத்தனை நேரமாகும்?

போன ஆடியில் கோயில் நோன்புக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை சாப்பிட்டாராம். அந்த மாதம் அதுவே கருத்தடையாகவும் இருக்கும் என்று நினைத்திருந்தார். நோன்புக்குச் சில நாள் போடுகிற மாத்திரையை அப்படி நம்ப முடியாது.

அந்தரா என்ற ஹார்மோன் கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அரசு மருத்துவமனையில் இலவசம். இவருக்கு வயது, எடை, பிரஷர் என்று இதயத்துக்கு ஆகாதவை பல சேர்ந்திருப்பதால் அதுவும் 3-ஆம் படிதான். எலும்பின் அடர்த்தியைக் குறைக்கிற குணமும் அதற்கு உண்டு, மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் அதையும் யோசிக்க வேண்டும். லக்னோ ஆய்வகத்தில் உருவான சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பலருக்கு நல்ல வழி. ஆனால் அதுவே மாதவிடாயைத் தள்ளிப்போடும். இரண்டு மாதம் வராவிட்டால் மாத்திரையா, வயதா, கர்ப்பமா என்று இவர் மறுபடி குழம்பிப்போவார்.

காண்டம் நல்லதுதான், ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால். தவறினால் அவசர மாத்திரை என்று சொல்ல வேண்டும், அங்கே இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் அதைக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வருகிறது, சட்டத்தில் தடை எதுவும் இல்லாமலே. 72 மணி நேரக் கெடு உள்ள ஒரு மருந்தைத் தேடி ஒரு பெண் எத்தனை கடை ஏறி இறங்குவார்?

பெண்களுக்கான ஆபரேஷனை அவருடைய அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். செய்யலாம், அரசு விதிப்படி 49 வயதுவரை தகுதி உண்டு. முதலில் பிரஷரும் ரத்தசோகையும் கட்டுக்குள் வர வேண்டும். மிஞ்சிப்போனால் பத்து வருடத் தேவைக்கு மயக்க மருந்தும் அறுவையும். அதைவிட, இவரைத் தினமும் வாட்டுவது ரத்தப்போக்கு. கருக்குழாயைக் கட்டினால் அது ஒரு துளிகூடக் குறையாது.

மாமியார் தரப்பு யோசனை, "ஒரேயடியா கர்ப்பப்பையை எடுத்துட்டா ரெண்டு தொந்தரவும் போயிரும்" என்பது. இதை நான் வாரத்துக்கு வாரம் கேட்கிறேன். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது பெரிய அறுவை. சினைப்பைகளை விட்டுவைத்தாலும், அவை சீக்கிரமே ஓய்ந்துபோகும் வாய்ப்பு கூடும். ரத்தப்போக்குக்கு மருந்தால் வழி பார்க்காமல் நேராக அறுவைக்குப் போவதை நான் ஏற்கவே மாட்டேன்.

மறுபடி காப்பர் டி? ஏற்கனவே கட்டி கட்டியாகப் போகிறவருக்கு அது போக்கை இன்னும் கூட்டும்.

எஞ்சியது ஹார்மோன் லூப். காப்பர் டி போலவே கர்ப்பப்பைக்குள் வைப்பது, செம்புக்குப் பதில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல். ஹார்மோன் பெரும்பாலும் கர்ப்பப்பைக்குள்ளேயே வேலை செய்து உள்படலத்தை மெலிதாக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் பிரஷருக்குப் பிரச்சினை இல்லை. ரத்தப்போக்குக்கு மருந்தாகவே இதைக் கொடுக்கிறோம். குறை, விலை. வெளியில் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

உடனே போடாததன் காரணம்

கருவை எடுத்த அன்றே லூப்பையும் போட்டிருக்கலாம், பொதுவாக அதுதான் வசதி. இவருக்கு நான் போடவில்லை. இரண்டு வருடமாகக் காரணம் தெரியாமல் ரத்தம் போயிருக்கிறது. 40-ஐக் கடந்தவருக்கு அப்படி என்றால், கர்ப்பப்பை உள்படலத்தில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லை என்று பார்த்த பிறகே லூப் வைக்க வேண்டும். கருவோடு வந்த திசுவை மட்டும் சோதித்து அதைச் சொல்ல முடியாது. எடையும் சர்க்கரையும் சேர்ந்தவர் என்பதால் எனக்கு இதில் சமரசம் இல்லை. இடைப்பட்ட நாட்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத டெசோஜெஸ்ட்ரல் மாத்திரை, தினமும் ஒன்று, ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில்.

ஆறு வாரம் கழித்து ஸ்கேன். தசைச் சுவருக்குள் 2.5 சென்டிமீட்டரில் ஒரு ஃபைப்ராய்டு கட்டி, உள்ளறையை நெருக்கவில்லை. நெருக்கியிருந்தால் லூப் தங்காது. மெல்லிய குழாயால் உள்படலத்தில் துளி எடுத்துச் சோதித்ததில் கெட்ட மாற்றம் எதுவும் இல்லை. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் லூப் போட்டோம். பிரஷர் அன்று 134/86.

முதல் நான்கைந்து மாதம் அவ்வப்போது துளித்துளியாகக் கசியும் என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். அப்படியும் இரண்டாவது மாதம் எடுத்துவிடச் சொல்லி வந்தார், நோன்பு நாளில் தீட்டு என்று வீட்டில் பேச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க முடியுமா, முடியாவிட்டால் இன்றே எடுத்துவிடுகிறேன் என்றேன். யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றார். ஆறாவது மாதம் ஹீமோகுளோபின் 11.6. மாதத்தில் இரண்டு நாள் கறை மட்டும். ஷிப்டு நடுவில் எழுந்து போக வேண்டியதில்லை என்பதைத்தான் முதலில் சொன்னார்.

எதுவரை?

40 வயதுப் பெண்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் இதுதான். ஹார்மோன் இல்லாத முறையில் இருப்பவர், 50-க்குள் மாதவிடாய் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து 2 வருடம், 50-க்கு மேல் நின்றால் 1 வருடம் கருத்தடையைத் தொடர வேண்டும். 55 ஆகிவிட்டால் எதுவும் தேவையில்லை. ஹார்மோன் முறையில் இருப்பவருக்கு மாதவிடாயை வைத்துக் கணக்குப் போட முடியாது, லூப்பாலேயே அது நின்றுபோகலாம். இவருக்கு 8 வருடக் கணக்கில் 51-வது வயதுவரை லூப் தாங்கும். அப்போது, சினைப்பைகள் ஓயும்போது ரத்தத்தில் கூடும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனுக்குப் பரிசோதனை செய்து, அளவு 30-க்கு மேல் இருந்தால் இன்னும் ஒரு வருடம் பாதுகாப்போடு இருந்துவிட்டு நிறுத்தலாம். இல்லையென்றால் வேறு லூப் மாற்ற வேண்டும். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி, காலண்டர் படம் இருக்கும் அதே போனில் படமும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

நம் சுகாதாரத் துறையின் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் 49 வயதுவரையிலான பெண்கள் வருகிறார்கள். காகிதத்தில் இவரும் இருக்கிறார். தமிழ்நாட்டில் பெரும்பாலான பெண்கள் இளவயதிலேயே ஆபரேஷன் செய்துகொள்வதால், செய்யாமல் 40-ஐத் தாண்டியவர்கள் கண்ணில் படாமல் போகிறார்கள். காப்பர் டி எடுக்க வரும் நாள் அவர்களைப் பிடிக்கக் கிடைக்கும் ஒரே நாள். எடுக்கிற அதே நிமிடத்தில் புதியது போடவும் முடியும். அன்றைக்கு "வயசாயிடுச்சுல்ல" என்று சொல்லி அனுப்புவதை நிறுத்தியே ஆக வேண்டும்.

போன மாதம் அவர் தன் தங்கையை அழைத்து வந்தார். 41 வயது, பிரஷர் 118/76, மாதவிடாய் ஒழுங்கு, போக்கு அளவாக. இவருக்கு ஹார்மோன் லூப்புக்குச் செலவழிக்கத் தேவையே இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் காப்பர் டி 380ஏ போதும். 40-க்குப் பிறகு போட்டதென்றால், உறையில் 10 வருடம் என்று இருந்தாலும் நடுவில் மாற்ற வேண்டியதில்லை, மாதவிடாய் நிற்கும்வரை விடலாம். பெட்டித் தேதியைப் பார்த்து யாராவது எடுத்துவிடக் கூடாதே என்று அதையும் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். நின்று, மேலே சொன்ன ஒன்று அல்லது இரண்டு வருடக் கெடுவும் முடிந்த பிறகு மறக்காமல் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், உள்ளேயே விட்டுவிடக் கூடாது என்பதையும்.